எந்தக் கைக்கு லைசென்ஸ்

சவரி கண்ணு,

நாளைக்கு நீ ரயில் ஏறப் போகிறாய். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நான் எப்போது உடைந்து அழுவேன் என்று என் முகத்தையே பார்க்கிறார்கள். எதிர்வீட்டு மதாம் காலையிலேயே கைக்குட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். பாவம், அவளுக்கு ஏமாற்றம்தான் மிச்சம். எனக்கு அழுகை வரவில்லையடா, மனசு லேசாக இருக்கிறது. பெற்ற பிள்ளை வடக்கே ஏதோ ஓர் இரும்பாலைக்குப் போகிறான், அங்கே பேசுகிற பாஷை தெரியாது, சோறு கிடைக்குமா என்றுகூடத் தெரியாது, இவளுக்கு என்ன நிம்மதி வேண்டியிருக்கிறது என்று ஊர் கேட்கும். ஊருக்கு விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. உனக்குச் சொல்லலாம். ஆனால் நேரில் ஆரம்பித்தால் நீ சிரித்து மழுப்புவாய், எனக்குக் கோபம் வரும், பேச்சு துவையல், ஊறுகாய் என்று எங்கேயோ போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதி உன் பெட்டியில் வைக்கிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், இந்த வீட்டில் இனிமேல் ஒளிக்க ஒன்றுமில்லை. என் நிம்மதியே அதுதான்.

நீ ரேடியோ சங்கத்தில் கை தூக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். உனக்கு நான் கொடுக்க வேண்டிய பதில் ஒன்று அதையொட்டிப் பாக்கி நின்றுவிட்டது. அதற்கு முன்னால் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாதி உனக்குத் தெரியும், மீதியை நீயாக ஊகித்திருப்பாய். இருந்தாலும் என் வாயால் கேட்டுக்கொள்.

என் அப்பாவுக்குத் தந்தி ஆபீசில் வேலை. ஆபீசுக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தத்தில்தான் நான் பாலும் சோறும் தின்று வளர்ந்தேன். குட்டைச் சத்தம், நெட்டைச் சத்தம், இரண்டையும் சேர்த்தால் எழுத்து. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. அடுத்த வீட்டுச் சண்டை காதில் விழுகிற மாதிரி மோர்ஸ் என் காதில் விழுந்தது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தால், உன் அப்பா ஒரு ரேடியோப் பைத்தியம். வால்வு, கம்பிச்சுருள், ஈயம் உருக்குகிற புகை, இதெல்லாம் இருந்தால் அவருக்குச் சாப்பாடுகூட வேண்டாம். கப்பலில் கழித்துப் போட்ட சாமான்களை வைத்தே உலகத்தோடு பேசுகிற ஒரு செட்டைக் கட்டிவிட்டார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மோர்ஸ் மட்டும் அவர் காதில் ஏறவே இல்லை. "எல்லாம் தவளை கத்தற மாதிரிதான்டி கேக்குது" என்பார். பிரெஞ்சு சர்க்கார் கொடுத்த பெர்மி, அந்தக் காலத்து லைசென்ஸ், அவர் பெயரில். அதற்காக வந்த துரை செட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கம்பிச்சுருளைப் பற்றி நாலு கேள்வி கேட்டார், நான் போட்ட காப்பியைக் குடித்தார், கையெழுத்துப் போட்டார். மோர்ஸ் தட்டுகிற கீயைத் தட்டிக் காட்டச் சொல்லவே இல்லை. ஆகவே சாயங்காலம் விளக்கு வைத்ததும் அவர் செட்டைப் போட்டு முள்ளைத் திருப்பி நிறுத்துவார், நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கீயில் உட்காருவேன். போகிற செய்தியில் அவருடைய பெயர், அவருடைய அழைப்புக்குறி. அக்கரைக்காரர்களுக்கெல்லாம் பாண்டிச்சேரியில் ஒரு மிசே, ஓர் ஆம்பிளை, இருக்கிறார், சுத்தமான கை, அவ்வளவுதான். ரெயூனியன் தீவில் ஒருத்தர் வாரம் தவறாமல் வருவார், ஒவ்வொரு தடவையும் 'மொன் வியே' என்று ஆரம்பிப்பார். 'என்னடா கிழவா' என்று சிநேகிதனைக் கூப்பிடுகிற மாதிரி. எனக்கு அப்போது முப்பது வயசுகூட ஆகவில்லை. சிரித்துக்கொண்டேதான் பதில் தட்டுவேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு வலி இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

அந்த ரெயூனியன்காரர் ஒரு தரம் கப்பலில் இங்கே வந்திறங்கி, வீட்டைத் தேடிக்கொண்டு நேரே வந்துவிட்டாரே, அது உனக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உன் அப்பாவைப் பார்த்ததும் மனுஷருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர், வாய் திறந்து பேசாமல், விரல் முட்டியால் மேஜையில் தட்டினார். 'வணக்கம் மொன் வியே, நலமா' என்று தட்டுகிறார். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? விருந்தாளி காப்பிக்காக மேஜையைத் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, "இந்தா, சீக்கிரம் காப்பி கொண்டாயேன்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். வந்தவர் இன்னும் ஒரு தரம் தட்டினார். "வருது வருது மிசே" என்று இவர் கையமர்த்துகிறார். நான் அடுப்படியில் நிற்கிறேன். சிரிப்பை அடக்குகிறேன், பயம் ஒரு பக்கம், அதற்குள் இந்தக் கை இருக்கிறதே, அது என்னைக் கேட்காமலே கரண்டியை எடுத்துப் பித்தளைப் பாத்திரத்தில் 'நலம், நீ எப்படி' என்று தட்டிவிட்டது! கூடத்தில் மேஜையைத் தட்டுவது நின்றது. நான் காப்பியைக் கொண்டுபோய் வைத்தபோது அவர் என் கையைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார், காப்பி நன்றாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் வானலையில் வழக்கம்போல 'மொன் வியே' என்றுதான் கூப்பிட்டார். கரண்டிச் சத்தத்தை அவர் கவனிக்கவில்லை என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்புறம் அந்த ஐப்பசியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. ஊரெல்லாம் வெடி போட்டார்கள், நாமும் மாதா கோயில் தெரு முனையில் நின்று பார்த்தோம். கொஞ்ச நாளில் அறிவிப்பு வந்தது. பழைய பெர்மி செல்லாது, புது லைசென்ஸ் வாங்குகிற வரை செட்டைத் தொடக்கூடாது. லைசென்ஸ் வேண்டுமானால் மெட்ராசில் பரீட்சை. மோர்ஸைக் காதால் கேட்டு எழுத வேண்டும், கையால் தட்டிக் காட்ட வேண்டும், மின்சாரம், சட்டதிட்டம் இரண்டும் இங்கிலீஷில் எழுத வேண்டும். கீழ் வகுப்புத் தேறினால் கீ மட்டும், அதுவும் குறைந்த சக்தியில். மேல் வகுப்புத் தேறினால்தான் மைக் பிடித்து வாயால் பேசலாம். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தவிர வேறு யாரும் கீயைத் தொடக்கூடாது என்றும் போட்டிருந்தது. உன் அப்பா அந்த வரியை ரெண்டு தரம் படித்துவிட்டு, செட்டின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார். எனக்கு அது சாவு வீட்டில் முகத்தை மூடுகிற மாதிரி இருந்தது. அந்த மாதங்களில் நான் அரிவாள்மணையின் மேல் தட்டினேன், ஜெபமாலை உருட்டும்போது தட்டினேன், உன் முதுகைத் தேய்த்துவிடும்போதுகூடத் தட்டியிருக்கிறேன். நீதான் ஒரு நாள், "இன்னாம்மா, என் முதுகுல கடிதம் எழுதற?" என்று கேட்டாய்.

ஆகவே சங்கத்தில் விண்ணப்பம் என்ற பேச்சு எழுந்தபோது எனக்கு உயிர் வந்தது. பழைய பெர்மிக்காரர்களுக்குப் பரீட்சையிலிருந்து விலக்கு கேட்டு டெல்லிக்கு எழுதுவது என்று உன் அப்பாதான் கொண்டுவந்தார். விலக்கு கிடைத்தால் பழையபடி அவர் பெயர், என் கை. கிடைக்காவிட்டால் அவர் மோர்ஸில் தேறப் போவதில்லை, செட் அந்தப் போர்வைக்கு அடியிலேயே கிடக்கும். சட்டப்படி அது திருட்டு விளையாட்டு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அதற்காக வேண்டிக்கொண்டேன். கூட்டத்துக்குக் காப்பி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நானும் வந்து, மாடிப்படிப் பக்கம் பெஞ்சியில் உட்கார்ந்தேன். பெண்பிள்ளைக்கு அங்கே அதற்கு மேல் இடமில்லை.

லிசே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த அந்துவான் மிசே தலைவர். "நாம வானலையில பேசிக்கிட்டு இருந்தப்போ இந்தப் பசங்கல்லாம் தொட்டில்ல கெடந்தாங்க. இப்போ நம்மள உக்கார வச்சு ஆனா ஆவன்னா கேப்பாங்களாம். மானம் மரியாதை வேணாமா?" என்றார். உடனே தவளக்குப்பம் கோவிந்தசாமி எழுந்தார். நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பிள்ளை, மில்லில் மின்சாரப் பிரிவில் வேலை, பெர்மி கிர்மி ஒன்றும் இல்லாதவர். "அப்போ எங்களுக்கு மட்டும் பரீட்சை, உங்களுக்கு இல்லியா மிசே? பஸ் லைசென்ஸ் குடுக்கறப்போ, இவரு அந்தக் காலத்துல வண்டி ஓட்டினவரு, கண்ணு தெரியலன்னாலும் பரவால்லன்னா குடுக்கறாங்க?" என்றார். "நான் கண்ணு தெரியாதவனா?" என்று உன் அப்பா எகிறினார். "நான் உங்கள சொல்லலீங்க, பொதுவா சொன்னேன்." "பொதுவா சொல்றவன் ஏன்யா என் மூஞ்சப் பாத்து சொல்ற?" ஐயோ, அன்றைக்கு அடிதடி ஆகாதது கர்த்தர் கிருபை. அப்புறம் தட்டுகிற வேகம் போதுமா, வாயால் பேச மோர்ஸ் எதற்கு, புதுசாக வருகிறவனுக்கு எடுத்தவுடனே மைக்கைக் கொடுக்கலாமா என்று பேச்சு நாலா பக்கமும் போனது. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். விலக்கு கேட்கலாம் என்று ஒரு பாதி, கூடாது என்று ஒரு பாதி. நீ ஒருத்தன்தான் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாய். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். பிறகு எழுந்து, கூடாது என்கிற பக்கம் கையைத் தூக்கி, "விலக்கு வேணாம். எந்தக் கை கீயில இருக்குதோ, அந்தக் கைய சோதிச்சுத்தான் லைசென்ஸ் குடுக்கணும்" என்றாய்.

பெற்ற அப்பனைச் சபையில் வைத்து வெட்டிவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். உன் அப்பா குனிந்த தலை நிமிராமல் படியிறங்கினார், நான் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வீட்டுக்கு வந்து உன் தட்டை ணங்கென்று வைத்தேன். நீயும் என் பிள்ளைதானே, அதே திமிர், குனிந்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாய். சில நாள் கழித்து அடுப்படிக்கு வந்து பாடத்திட்டத்தை உரலின் மேல் வைத்தாய். "அப்பாவுக்கு இது வேணாம்மா. நீ எழுது" என்றாய். "யாரு, நானா? உனக்கு மூளை கீளை கொழம்பிப்போச்சா?" என்று கேட்டேன். "உன் கைதானம்மா அது. எத்தினி வருஷம் அப்பா பேர்ல திருட்டுத்தனமா தட்டுவ? விலக்கு குடுத்திருந்தா சாகற வரிக்கும் அப்பிடியேதான் ஓட்டியிருப்ப" என்றாய். இட்லி மாவை மூடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாக்கி நின்ற பதில் அதுதான். இப்போது எழுதுகிறேன், வாங்கிக்கொள்: நீ சொன்னது சரி. அன்றைக்கு உன் கை விலக்குக்காக உயர்ந்திருந்தால், பழைய சந்தோஷம் திரும்பியிருக்கும், அதோடு பழைய பயமும் திரும்பியிருக்கும். வாசலில் யாராவது புதுசாகச் செருப்பைக் கழற்றினாலே சோதனைக்கு வந்த சர்க்கார் ஆளோ என்று எட்டிப் பார்ப்பேனே, அந்தப் பயம்.

உன் அப்பா ரொம்ப நாள் முறுக்கிக்கொண்டுதான் இருந்தார். அவரைக் குற்றம் சொல்லாதே. கட்டியது அவர், பெயர் மட்டும் இன்னொருத்தருக்கு என்றால் யாருக்கும் வலிக்கும், எனக்கு அது தெரியாதா? ஆனால் ஒரு நாள் நான் இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு கன்டென்சர் படத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்துவிட்டார். அவருக்குப் பொறுக்கவில்லை. "அடச்சீ, குடு இங்க" என்று பிடுங்கினார். அன்றைக்கு ஆரம்பித்தவர் விடவே இல்லை. தண்ணீர்த் தொட்டி, குழாய், அடைப்பு என்று வீட்டுச் சாமானை வைத்தே மின்சாரத்தை என் மண்டையில் ஏற்றினார். அவர் தமிழில் சொல்வார், நான் பிரெஞ்சில் குறித்துக்கொள்வேன், நீ ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அதை இங்கிலீஷாக்குவாய். மூன்று பேரும் அப்படிக் கத்திக்கொண்டதைப் பார்த்து, சொத்துத் தகராறு என்று எதிர்வீட்டு மதாம் ஜெபம் பண்ணினாளாம்.

மெட்ராசுக்கு நானும் அவரும் மட்டும் போனோம். நீ கூட வரவில்லை, ஆகவே அங்கே நடந்ததை உனக்கு முழுசாகச் சொல்கிறேன். வாசலில் இருந்த அதிகாரி உன் அப்பாவைப் பார்த்து, "நீங்க உள்ள போய் உக்காருங்க. வீட்டம்மா வெளிய வெய்ட் பண்ணட்டும்" என்றார். ஒரு வார்த்தைதான், உன் அப்பா தலையை ஆட்டிவிட்டு நின்றிருந்தால், நான் அப்படியே பஸ் ஏறி ஊருக்குத் திரும்பியிருப்பேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டார். "பரீட்சை எனக்கு இல்லீங்க, இவங்களுக்கு. நான் செட்டு கட்டறவன். கை இவங்களுது, இத்தினி வருஷமா இவங்களுதுதான்" என்றார். அத்தனை பேர் முன்னால் சொன்னார் சவரி! சபையில் நீ சொன்னபோது வலித்ததே, அதே சொல்லை அவர் தானே சொன்னார். பலிபீடத்துக்கு முன்னால் மோதிரம் போட்ட அன்றைக்குக்கூட நான் அந்த மனுஷரை அப்படி நேசிக்கவில்லை. உள்ளே போய் ஹெட்போனை மாட்டினேன். குட்டை, நெட்டை, குட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் என் அப்பா தட்டுகிற மாதிரியே இருந்தது. வெளியே வந்தபோது அவர் வேப்பமரத்தடியில் டிபன் கேரியரைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தவள கத்துச்சா?" என்று கேட்டார். "நல்லா கத்துச்சு" என்றேன். இரண்டு பேரும் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம்.

மேல் வகுப்பே கிடைத்துவிட்டது. என் பெயரில் காகிதம் வந்த அன்றைக்குப் போர்வையை எடுத்தவர் உன் அப்பாதான். "சுவிட்ச் போடறது மட்டும் என் வேல, அத யாருக்கும் உட்டுக்குடுக்க மாட்டேன்" என்றார். இன்றைக்கு வரை அவர்தான் போடுகிறார். புது அழைப்புக்குறியோடு, என் சொந்தப் பெயரோடு, ரெயூனியன்காரரைத் தேடிக் கூப்பிட்டேன். வாயால் பேச எனக்கு உரிமை இருந்தது, ஆனாலும் கீயில்தான் கூப்பிட்டேன். என் குறியும் புதுசு, பெயரும் புதுசு, என்னை எப்படி அவருக்கு விளக்குவது என்று தவித்துக்கொண்டிருந்தேன். விளக்கவே விடவில்லை. நான் ஒரு வரி தட்டி நிறுத்தியதும் பதில் வந்தது. 'காப்பி தயாரா, மதாம்?' உன் அப்பா பதறிப்போய், "இன்னாடி, ஏன் அழற? இன்னா சொல்றான் அவன்?" என்றார். அன்றைய கரண்டிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்போ அன்னிக்கு அவன் காப்பி கேக்கலியா?" என்றார். அன்றைக்கு வீட்டில் சிரித்த சிரிப்பை நீயும்தான் கேட்டாய்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ கீழ் வகுப்புத்தான் தேறியிருக்கிறாய். படிக்காமல் கோவிந்தசாமியோடு கடற்கரையில் சுற்றியதன் பலன். மைக்கைத் தொட முடியாது என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இதெல்லாம் அந்தக் காலத்து சட்டம்மா, பேசறதுக்கு எதுக்கு மோர்ஸு?" என்று மூன்று நாளாகப் புலம்புகிறாய். உன் வாதத்தில் நியாயம் இருக்கலாம். வருங்காலத்தில் சட்டத்தை மாற்றுவார்களோ என்னவோ. மாற்றுகிற சபையில் போய் உட்கார்ந்து வாதாடு, நான் எதிர்க்கட்சியில் உட்காருகிறேன். ஆனால் அது வரைக்கும் உனக்கு மட்டும் விலக்கு கேட்காதே. அதைச் சொல்லித் தந்தவன் நீதான். நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள். அவள் கை செய்ததை அவள் பெயரிலேயே சொல், மெட்ராசில் உன் அப்பா சொன்ன மாதிரி, நாலு பேர் முன்னால் சொல். இந்த வருஷம் ஊரே தான் பிரெஞ்சுக் குடியா இந்தியக் குடியா என்று எழுதிக் கொடுக்கிறது, பாரிசுக்குப் போகிறவர்கள் போகிறார்கள், இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் யார் என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. என் காகிதத்தில் என் பெயரே இருக்கிறது.

அங்கே போய் செட்டைக் கட்டியதும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்துக்குக் கூப்பிடு. அப்பா சுவிட்சைப் போட்டு வைத்திருப்பார். எனக்கு மைக் உண்டு, ஆனால் அதைத் தொட மாட்டேன், உன்னோடு கீயிலேயே பேசுகிறேன். காரணம் உன் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதே. கடுதாசியில் நீ எதை வேண்டுமானாலும் எழுதுவாய். தொண்டையை நேராக்கிக்கொண்டு குரலிலும் ஏமாற்றிவிடுவாய். கீயில் முடியாது. தூக்கமில்லாவிட்டால் உன் நெட்டை இழுக்கும், பசித்தால் குட்டை ஓடும், பொய் சொன்னால் நடுவில் ஒரு மூச்சு தடுக்கும். சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரிந்த கை அது. நான் முதலில் 'சாப்பிட்டாயா' என்றுதான் தட்டுவேன். உண்மையைச் சொல், கண்ணு. இவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்திருந்தாலும், சட்டப்படி லைசென்ஸ் வாங்கிய காது என்னுடையது.

உன் அம்மா